நூற்றுக்குப் பதினெட்டு

எட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய். கடற்கரை கண்ணை மூடும்போது அவர் பேரில் நின்ற கடன் அவ்வளவுதான். அதுவும் ஆள் யாருக்கும் இல்லை, அரசாங்கத்துக்கு. டீக்கடையில்கூட ஒருநாள் பாக்கி சொல்லாத மனுஷன்.

வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்க அடுப்படிக்குப் போன மாரித்தாய், அரிசி டின்னை நகர்த்தியதும் அதன் பின்னால் இருந்த மஞ்சள் மூடி டப்பாவைப் பார்த்தாள். நாழியைக் கையில் பிடித்தபடி அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். முன்வாசலில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டின் மேல் சாரல் விழும் சத்தம் அரிசி புடைப்பதுபோலக் கேட்டது.

"மதினி."

அடுப்படி நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான் மணிமுத்து. கடற்கரையின் தம்பி. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவன். இன்னமும் காலை அகட்டி, முதுகை நிமிர்த்தித்தான் நிற்பான்.

"கொட்டுக்காரன் முன்பணம் கேக்கான். வெறகெல்லாம் ஈரம், எருமுட்டையும் மண்ணெண்ணெயும் கூட வேணுங்கான் சுடுகாட்டு ஆளு. எங் கையில இருந்தது பந்தலுக்கும் சேருக்கும் போயிட்டு. பேங்கும் ஞாயித்துக்கெழம பூட்டிக் கெடக்கு. அண்ணன் ஒரு டப்பால காசு போட்டு வச்சிருந்தான்லா? அத எடுங்க."

மாரித்தாய் டப்பாவை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அது நம்ம காசு இல்ல, தம்பி."

"பின்ன எவன் காசு?"

"கவர்மெண்டு காசு. சாமான் வித்ததுக்கு வரி."

மணிமுத்து ஒருகணம் அவளையே பார்த்தான். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று அவன் நினைப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அவன் பொணமாக் கெடக்கான். இன்னும் என்ன வரி?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். அவுக கடனோட போகக்கூடாது. இதுல கை வைக்கமாட்டேன்னு சத்தியம் வாங்கிருக்காவ. வேற எங்கயாவது பொரட்டுங்க. பதினாறு முடியவும் நான் தந்துருதேன்."

மணிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போனான். வாசலில் அவன் பேசியதும், அதற்குச் சித்தப்பா மகன் சுடலைமணி பதில் சொன்னதும் அடுப்படிவரை கேட்டது. சுடலைமணிக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது.

"வரியா? நம்ம கடற்கரையா? ஏலே, அப்ப கலெக்டரு மால போட வருவாரு. அதுவரைக்கும் தூக்காம வைங்கடா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே இருமலாக்கி அடக்கினார்கள்.

அந்தச் சிரிப்பு மாரித்தாய்க்கு முதுகில் விழுந்தது. அரிசியை நாழியில் அள்ளினாள். டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

---

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். தென்காசியில் பார்த்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுரையீரல் ரெண்டும் சுருங்கிப்போய்விட்டது என்றார். சிமெண்ட் மூட்டையும் சுண்ணாம்பு மூட்டையும் தூக்கித் தூக்கி, அந்தத் தூசி அத்தனையும் உள்ளேயே தங்கிவிட்டது. இனி வீட்டிலேயே ஆக்சிஜன் மிஷின் வைத்துக்கொள்ள வேண்டும். மாச வாடகை ஆறாயிரத்து ஐநூறு, அதையும் முன்னாடியே கட்ட வேண்டும்.

மாரித்தாய்க்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கித் துண்டு அலசும் வேலை. சீசன் இருந்தால் கூலி. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற மகள் ஜெயபிரியாதான் வழி சொன்னாள்.

"எப்பா, வீட்டுல சும்மா கெடக்க சாமான எல்லாம் போன்ல படம் எடுத்து அனுப்புங்க. நான் இங்கன இருந்தே ஆன்லைன்ல போட்டு விடுதேன். வாங்குதவன் வீடு தேடி வந்து தூக்கிட்டுப் போவான்."

முதலில் டிவி போயிற்று. பிறகு பிரிட்ஜ். தையல் மிஷின், கிரைண்டர், பீரோ, பெரிய பித்தளை உருளி. மாரித்தாயின் அப்பா சீராகக் கொடுத்த தேக்குக் கட்டில் போன அன்று அவள் லாட்ஜுக்கு வெள்ளனவே கிளம்பிவிட்டாள். திரும்பி வந்தபோது கட்டில் கால்கள் நின்ற இடத்தில் நாலு வெள்ளைத் தடம் இருந்தது. கடற்கரை பாயில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மூக்கில் குழாயோடு சிரித்தார்.

"ஏட்டி, உங்க அப்பன் கட்டில்ல ரெண்டு மாசம் மூச்சு விடலாம். நல்ல மரம்."

டிவி விற்ற சமயத்தில்தான் அவர் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனது. கடை வைத்திருக்கும் அருண்பாண்டி பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாம் விண்ணப்பித்துக் கொடுப்பவன். அதனால் கவர்மெண்டு சமாச்சாரம் எல்லாம் அவனுக்குத் தெரியும் என்று தெருவில் ஒரு பேச்சு.

"ஏய்யா, இப்பிடி போன்ல சாமான் வித்தா வரி உண்டுமா?"

அருண்பாண்டி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆன்லைன்ல வித்தா ஜிஎஸ்டி உண்டு மாமா. நூத்துக்குப் பதினெட்டு. வருசக் கடைசில நோட்டீஸ் வரும். அக்கவுண்ட்ல காசு வருதத எல்லாம் பாத்துக்கிட்டுதான் இருப்பாங்க."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். வேறொருத்தர் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே உதறிவிட்டு வந்திருப்பார். ஆனால் கடற்கரை புளியறைச் சோதனைச் சாவடியில் லாரிச் சரக்கை இறக்கி ஏற்றியே வயதைக் கழித்தவர். அந்தக் காலத்தில் மலையாளத்துக்குப் போகிற எந்த லாரியும் அங்கே நின்றுதான் போக வேண்டும். பில்லும் சரக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதிகாரி ஒரு கை காட்டினால், கடற்கரையும் கூட்டாளிகளும் தார்ப்பாயை அவிழ்த்து மூட்டைகளை இறக்குவார்கள். கல்யாணச் சீர்வரிசை ஏற்றி வந்த ஒரு வண்டி பில் இல்லாமல் சாயங்காலம்வரை நின்றதை அவர் அடிக்கடி சொல்வார். எல்லாம் புதுச் சாமான். பெண்ணின் அப்பா கடைக்கு ஆள் அனுப்பிப் பில் வரவழைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது. அந்தக் கட்டிலையும் பீரோவையும் இறக்கி வைத்ததும் திரும்ப ஏற்றியதும் கடற்கரையின் தோள்தான்.

"கட்டிலுக்கும் பீரோவுக்குமே அப்பிடி, ஏட்டி. ஒரு சாமான் ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாறுனா அதுல கவர்மெண்டுக்கு ஒரு பங்கு உண்டு. நான் கண்ணால பாத்தவன்."

சாவடியில் பில் படிக்கத் தெரியாமல் ஏமாறக்கூடாது என்று நாற்பது வயதுக்கு மேல் ராத்திரிப் பள்ளிக்கூடம் போய் எழுத்துக் கூட்டப் படித்தவர் அவர். அதனால் வாங்க வருகிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டுத்தாளில் தன் கையால் பில் எழுதிக் கொடுத்தார். 'தேக்குக் கட்டில் ஒன்று. பழசு.' வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். சாமான் ஏற்றிய ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் பணத்தைப் பிரித்து, நூற்றுக்குப் பதினெட்டு என்று எண்ணி மஞ்சள் மூடி டப்பாவில் போட்டுவிடுவார். கை நடுங்கத் தொடங்கிய பிறகு மாரித்தாய் எண்ணினாள். அவர் பாயில் இருந்தபடி சரிபார்த்தார். ஆயிரத்துக்கு நூற்றெண்பது. அவளுக்கும் மனப்பாடம் ஆயிற்று.

போன வாரம் மிஷினுக்கு மாசம் முடிந்தது. விற்பதற்கு இருந்தது வண்டி ஒன்றுதான், கடற்கரையின் பழைய டிவிஎஸ். செங்கோட்டை ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முகம்மது சலீம் பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கட்டிலையும் உருளியையும்கூட அவர்தான் விளம்பரம் பார்த்து வந்து வாங்கினார். பேப்பரில் கையெழுத்து எல்லாம் ஆயிற்று. அவசரமாகக் கொல்லத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பணத்தோடு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிஷின்காரன் வந்து குழாயைச் சுருட்டினான். மாரித்தாய் அடுப்படிக்கு ஓடி டப்பாவை எடுத்து வந்தாள்.

"இத குடுத்துட்டு மிசின வச்சுக்கிடுவோம். பாய் காசு வந்ததும் திருப்பிப் போட்டிருவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

கடற்கரை கையை நீட்டி டப்பாவின் மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பேசுவதற்கே மூச்சைச் சேர்த்து வைக்க வேண்டியிருந்தது.

"வேண்டாம்ட்டி. அடுத்தவன் காசு. இன்னைக்கு எடுத்தா நாளைக்கும் எடுக்கச் சொல்லும்." சற்று நேரம் கழித்து, "ஞாயித்துக்கெழம என்ன, அன்னா இருக்கு. அதுவரைக்கும் வாடக இல்லாத மூச்சு விட்டுக்கிடுதேன்" என்றார். அவள் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடியும் நேரத்தில் வெந்நீர் கொண்டுபோனாள். மலைக்காற்று கதவிடுக்கில் ஊதிக்கொண்டிருந்தது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். முகம் வாசல் பக்கமாகத் திரும்பியிருந்தது.

---

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பி வருகிற நேரத்தில், சாரலுக்குத் தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு முகம்மது சலீம் தெருவுக்குள் நடந்து வந்தார். பந்தலைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. அந்த வீடுதானா என்று கதவு எண்ணைப் பார்த்தார். பெஞ்சில் கிடத்தியிருந்த முகத்தைப் பார்த்ததும் கைக்குட்டையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக, தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல நின்றார்.

மாரித்தாய் பார்த்துவிட்டாள். தலைமாட்டிலிருந்து எழுந்து, பெண்களை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பாய், கொஞ்சம் புறவாசலுக்கு வாங்க."

புறவாசலில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே டிவிஎஸ் நின்றது. சீட்டின்மேல் கடற்கரை தலைக்குக் கட்டும் பழைய துண்டு கிடந்தது.

"அக்கா, எனக்குத் தெரியாது. அல்லா மேல ஆணையா தெரியாது." சலீம் கைக்குட்டையை முறுக்கினார். "நான் ரெண்டு நாள் முன்னாலயே வந்திருக்கணும். போன எடத்துல சோலி முடியல. வண்டி எங்கயும் போகாதேன்னு இருந்துட்டேன்."

"நீங்க சொன்ன நாளுக்குத்தான வந்திருக்கிய, பாய்."

சலீம் சட்டைக்குள்ளிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்தார். "பன்னிரண்டாயிரம் இருக்கு. வண்டி இங்கனயே நிக்கட்டும், அக்கா. காச செலவுக்கு வைங்க. வண்டி சமாச்சாரத்த ஒரு மாசம் கழிச்சுப் பேசுவோம்."

"வேண்டாம். வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. அவுக வித்தாச்சுன்னு சொன்னா வித்தாச்சுதான்." பையை வாங்கித் துவைகல்லின் மேல் வைத்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். "எனக்கு ஒரு ஒதவி மட்டும் செய்யணும். நீங்க மாசா மாசம் ஆடிட்டர வச்சு வரி கட்டுதியன்னு அவுக சொல்லுவாவ. அதோட இதையும் சேத்துக் கட்டிருங்க. அவுக பேரச் சொல்லிக் கட்டிருங்க. கடனோட சுடுகாட்டுக்குப் போகக்கூடாது, பாய்."

"எங்கள்லயும் அப்பிடித்தான், அக்கா. மையத்தத் தூக்குததுக்கு முன்னால, இவருகிட்ட யாருக்காச்சும் கடன் பாக்கி உண்டுமான்னு கேப்போம்." டப்பாவை வாங்கிக்கொண்டார். "இது என்ன வரி?"

"நாங்க போன்ல வித்த சாமானுக்கு. நூத்துக்குப் பதினெட்டு. ஒத்த ரூவா கொறையாது, எண்ணிப் பாத்துக்கிடுங்க."

சலீம் மூடியைத் திறந்தார். நூறும் இருநூறும் ஐநூறுமாகத் தாள்கள் அடுக்கி, சாமானுக்குச் சாமான் தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரல் தகரத்தில் சடசடத்தது.

"இதுக்குத்தான் துண்டுச்சீட்டு எழுதிக் குடுத்தாரா?" என்றார் மெதுவாக. "நான் பெரியவருக்கு இது ஒரு பழக்கம்னு நெனச்சேன், அக்கா. கேக்காம இருந்துட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"என்ன பாய்?"

"இதுக்கு வரி கெடையாது, அக்கா."

மாரித்தாய்க்கு விளங்கவில்லை. சலீம் துவைகல்லில் உட்காரப் போனவர், உட்காராமல் நின்றார்.

"நான் வாங்கி, மேல லாபம் வச்சு விக்கேன். அது யாவாரம். எனக்கு வரி உண்டு. நீங்க வீட்டுல பொழங்குன கட்டிலு, டிவி. வாங்குன வெலையில பாதிகூட உங்களுக்கு வரல. அதுல லாபம் ஏது, வரி ஏது? நக, மனைன்னா அது வேற கணக்கு. வீட்டுச் சாமானுக்குக் கெடையாது. போன்ல வித்தா என்ன, சந்தையில வித்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான். எங்க ஆடிட்டரு எத்தனையோ பேருக்கு இதச் சொல்லி நான் கேட்டிருக்கேன்."

"செக்போஸ்ட்ல கட்டில எறக்குனாவளாம். அவுகளே எறக்குனாவளாம்."

"அது கடையில இருந்து போற புதுச் சரக்கா இருக்கும்."

"ஆமா. புதுசுதான்" என்றாள் மாரித்தாய். "புதுசுன்னுதான் சொல்லுவாவ."

முன்வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தமும், அதோடு கூடி எழுந்த அழுகையும் கேட்டன. ஜெயபிரியா இன்னும் வந்து சேரவில்லை. ராஜபாளையம் தாண்டிவிட்டேன் என்று போன் வந்திருந்தது. மாரித்தாய் சலீமின் கையிலிருந்த டப்பாவைத் திருப்பி வாங்கினாள். அதன் கனத்தைப் பார்ப்பவள்போல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டாள்.

"அப்ப இது எங்க காசா?"

"உங்க காசுதான், அக்கா."

"எப்பவுமேயா?"

சலீம் கைக்குட்டையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டிருந்தார்.

மிஷின் நின்ற மூலையில் இப்போது அகல் எரிந்துகொண்டிருக்கும். மிஷின்காரனின் போன் நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தார் கடற்கரை. 'ஞாயிறு வரச் சொல்ல வேண்டும்' என்று கீழே எழுதி ஒரு கோடும் இழுத்திருந்தார். அந்தச் சுவர் பக்கம் பார்க்காமல்தான் காலையிலிருந்து அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

"மதினி!" மணிமுத்து உள்ளேயிருந்து கத்தினான். "குளிப்பாட்டியாச்சு. வாய்க்கரிசி போட வாங்க."

மாரித்தாய் சட்டென்று குனிந்தாள். துணிக்கடைப் பையிலிருந்து சலீமின் ஐநூறு ரூபாய்த் தாள்களை எடுத்து முந்தானையில் முடிந்தாள். டப்பாவிலிருந்த பணத்தின் ரப்பர் பேண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் கொட்டினாள். வெறும் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பாய், நான் ஒண்ணு சொல்லுவேன். நீங்க ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"என்ன அக்கா?"

"சிரிக்காவ, பாய். அவுக வரிக்கு எடுத்து வச்சாவன்னு அங்கன சிரிக்காவ. இது தெரிஞ்சா இன்னும் சிரிப்பாவ."

---

கடற்கரைக்குப் புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். மூக்கில் குழாய் இருந்த தடம் இன்னும் கன்னத்தில் கோடாகத் தெரிந்தது. மணிமுத்து பாடைத்தேரின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மாரித்தாய் அவனிடம் பையை நீட்டினாள்.

"இந்தாங்க தம்பி. வண்டி வித்த காசு. கொட்டுக்கும் வெறகுக்கும் குடுங்க. நல்லபடியா நடக்கட்டும்."

மணிமுத்து பைக்குள் பார்த்தான். "என்ன, பாய் இம்புட்டுச் சில்லறையாக் குடுத்திருக்காரு?"

"யாவாரி காசு. அப்பிடித்தான் இருக்கும்."

"அந்த டப்பா காசு?"

எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் மாரித்தாய் சொன்னாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தாலும் அது பந்தல்வரை போயிற்று.

"அவுக வரிய கட்டியாச்சு. பாய் கையில குடுத்தாச்சு. இனி யாருக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல."

எல்லார் முகமும் சலீம் பக்கம் திரும்பியது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிடத்தியிருக்கும் ஒரு மையத்தின் முன்னால் அவர் இதற்கு முன் பொய் சொன்னதில்லை.

"ஆமா, அண்ணாச்சி. நான் வாங்கிக்கிட்டேன். எங்க ஆடிட்டரு கட்டிருவாரு" என்றார் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டு.

சுடலைமணிதான் முதலில் அசைந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். தேருக்குப் பக்கத்தில் வந்து, கடற்கரையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"நாணயமான ஆளுய்யா" என்றான். "நான்தான் கிறுக்குத்தனமாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீய மதினி."

அவனுக்குப் பின்னால், கையில் மாலையோடு நின்ற அருண்பாண்டி முன்னே வந்தான். கண் கலங்கியிருந்தது. மாலையைப் போட்டுவிட்டு மாரித்தாயின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தே, நான் மாமாகிட்ட அப்பவே சொன்னேன். கரெக்டா கட்டிட்டா ஒரு பிரச்சினையும் வராதுன்னு. மாமா கேட்டுக்கிட்டாரு."

மாரித்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் இடுப்பில் இருந்து சோறு தின்ற பிள்ளை. மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாய்யா" என்றாள். "நீ நல்லதுக்குத்தான சொன்ன."

தெருவுக்குள் ஆட்டோ வந்து நின்றது. ஜெயபிரியா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "எப்பா, எப்பா" என்று அவர் நெஞ்சில் விழுந்தாள். அவளைத் தூக்கி நிறுத்துவதற்கு நாலு பெண்கள் வேண்டியிருந்தது. அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிறந்த வீட்டுக் கோடித்துணியை மாரித்தாயின் அண்ணன் கொண்டுவந்து போர்த்தினார். ஒவ்வொருத்தராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். கடைசியாக மாரித்தாய் அரிசியை அள்ளி அவர் உதட்டில் வைத்தாள். பிறகு காதருகில் குனிந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. உதடு இரண்டு முறை அசைந்தது மட்டும் பக்கத்தில் நின்ற மகளுக்குத் தெரிந்தது.

தேர் கிளம்பியது. கொட்டுச் சத்தம் தெருவைத் தாண்டிக் குற்றாலம் ரோட்டில் ஏறியது. வெளியூர் வேன்கள் வரிசையாக நின்று வழிவிட்டன. ஜன்னலில் ஈரத் தலையும் துண்டுமாகப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சாரல் விடவில்லை. யாரோ கடற்கரையின் முகத்துக்குமேல் குடை பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.

பெண்கள் தெருமுக்குவரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஜெயபிரியா ஈரத்தலையோடு சுவரோரம் சுருண்டு, அப்படியே கண் அயர்ந்துவிட்டாள். டிவி இருந்த இடம், பீரோ இருந்த இடம், கட்டில் இருந்த இடம் எல்லாம் தண்ணீர் பட்டு ஒரே நிறமாகிக் கிடந்தன. இத்தனை பெரிய வீடா இது என்று இருந்தது மாரித்தாய்க்கு.

மாற்றுச்சேலை உடுத்த முந்தானையை அவிழ்த்தபோது பணம் கையில் வந்தது. தாள்களின் ஓரம் நனைந்திருந்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அவற்றைப் பிரித்து வைத்தாள். இருபத்துநான்கு ஐநூறு. பன்னிரண்டாயிரம். ஆயிரத்துக்கு நூற்றெண்பது. நாலு தாளை எடுத்துத் தனியாக வலது பக்கம் வைத்தாள். இன்னும் நூற்றறுபது வேண்டும். இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து சில்லறையைத் துழாவினாள். நூறு ரூபாய் ஒன்று இருந்தது. அதை வைத்தாள். இருபது ரூபாய் மூன்று வேண்டும். இரண்டுதான் இருந்தது. பத்து ரூபாய்க் காசுகளுக்காக விரலை அடிவரை விட்டாள்.

விரல் அங்கேயே நின்றது.

மஞ்சள் மூடி டப்பா அரிசி டின்னுக்கு முன்னால் திறந்து கிடந்தது. அதற்குள் ஒரு ரப்பர் பேண்டு.

புறவாசலில் சலீம் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. ஸ்டாண்டை எடுக்கும் சத்தம் கேட்டது. சீட்டின்மேல் கிடந்த துண்டை மடித்துத் துவைகல்லின் மேல் வைத்துவிட்டு, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்து வழியாகப் போவது கம்பி ஜன்னலில் தெரிந்தது. ஈரத் தரையில் டயர் உருளும் சத்தம் மட்டும் வந்தது.

மாரித்தாய் நாலு தாளையும் எடுத்து மற்றத் தாள்களோடு சேர்த்தாள். நூறையும் இருபதுகளையும் சுருக்குப்பைக்குள் திருப்பிப் போட்டு நுனியை இறுக்கினாள்.

தெருமுனை தாண்டிய பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. ஒரு தடவையில் பிடிக்கவில்லை. இரண்டாவது உதைக்கு இருமியது. மூன்றாவது உதைக்குப் பிடித்துக்கொண்டு, சாரலுக்குள் மெல்லத் தேய்ந்து போயிற்று.